ஜெர்மனியில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை: நாள் கணக்கு முதல் நற்சான்று வரை

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குக் கிளம்பும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, பார்ட் டைம்ல மாசம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?" பாடம், பேராசிரியர், குளிர் எல்லாம் அப்புறம்தான் வரும். கேள்வியில் தப்பில்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு வருகிறவர்கள் வேறென்ன கேட்பார்கள்? நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "வேலையே கிடைக்காவிட்டால் முதல் ஆறு மாதத்தை எப்படி ஓட்டுவாய்?" இதற்குப் பதில் இருப்பவர்கள்தான் பிறகு நல்ல வேலையில் போய் உட்கார்கிறார்கள். பதில் இல்லாதவர்கள் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொண்டு, பரீட்சையைக் கோட்டை விடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி, மாணவர் விசாவில் முதுகலை படிக்க வரும் நம்மவர்களுக்கானது. இதிலுள்ள சம்பள, வரி எண்கள் 2026ஆம் ஆண்டுக்கானவை. இவை ஒவ்வொரு ஜனவரியிலும் மாறக்கூடியவை.

படி 1: வேலை இல்லாத பட்ஜெட்டைப் போடுங்கள்

விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்டுகிறோம். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. இங்கே வந்ததும் அதிலிருந்து மாதம் 992 யூரோ வீதம் கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, செல்போன் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மருத்துவக் காப்பீடு மட்டுமே மாணவர் கட்டணத்தில் மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ ஆகிறது. அந்தச் சலுகையும் 30 வயது வரைதான். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களில் 992 யூரோவில் ஒரு மாதிரி சமாளிக்கலாம். மியூனிக்கில் அறை வாடகையே அதில் பெரிய துண்டை எடுத்துக்கொள்ளும்.

சிலர் பிளாக்டு அக்கவுண்டுக்கான பணத்தைக் கைமாற்றாக வாங்கிப் போடுகிறார்கள். வந்தவுடன் மாதாமாதம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேலை செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அக்டோபரில் வந்து இறங்கும் ஒருவர் முகவரியைப் பதிந்து, வங்கிக் கணக்கு திறந்து, வரி எண் வாங்கி, வேலை தேடி, ஒப்பந்தம் போட்டு, ஒரு மாதம் உழைத்து முடிக்கும்போது பெரும்பாலும் ஜனவரி ஆகிவிடும். முதல் சம்பளம் அதற்குப் பிறகுதான். இடைப்பட்ட மாதங்களுக்கு அந்த 992ஐ விட்டால் வேறு நாதியில்லை. அதில் கை வைக்காதீர்கள்.

கல்விக் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும் உண்டு. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர்களிடம், படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்களில் எப்போதுமே கட்டணம் உண்டு. "பார்ட் டைம் செய்தே கட்டிவிடலாம்" என்று ஊரில் ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பகுதிநேர வேலை வாடகை கொடுக்கும், சோறு போடும். கட்டணத்தையும் அதன் தலையில் ஏற்றினால் தாங்காது.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய இன்னொரு காரியம் மொழி. ஆங்கிலவழிப் படிப்பு என்பதால் ஜெர்மன் வேண்டாம் என்று நினைப்பது வகுப்பறைக்குச் சரி. கடைக்காரர் உங்களோடு ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கிடங்கு, பாத்திரம் கழுவும் வேலைகளுக்கு ஏ1, ஏ2 எனும் தொடக்க நிலை ஜெர்மன் போதும். கல்லாவில் உட்கார அடுத்த நிலையான பி1 கேட்பார்கள். சென்னை கோதே இன்ஸ்டிட்யூட்டில், அதாவது நம் மாக்ஸ்முல்லர் பவனில், ஏ2 முடித்துவிட்டு வந்த என் அறைத் தோழனுக்கு மூன்றாவது வாரத்திலேயே வேலை கிடைத்தது. ஏ1ஐ அரைகுறையாக விட்டுவிட்டு வந்த எனக்கு மூன்று மாதம் ஆனது.

படி 2: நாள் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மற்றவற்றில் தவறினால் பணம்தான் போகும், இதில் தவறினால் தங்கும் அனுமதிக்கே ஆபத்து.

மாணவர் விசாவில் இருப்பவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச் 1 முதல் இதுதான் விதி. அதற்கு முன்பு 120, 240 என்று இருந்தது. பழைய எண்ணை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. ஒரு நாளில் நான்கு மணி நேரம் வரை செய்தால் அரை நாள். நான்கைத் தாண்டினால், ஐந்து மணி நேரமானாலும் சரி, எட்டு மணி நேரமானாலும் சரி, முழு நாள் கழியும். ஆகவே ஐந்து மணி நேர ஷிஃப்ட் என்பது, நாள் கணக்கில் பார்த்தால், நஷ்ட வியாபாரம். நான்கிலேயே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எட்டாக்கிக்கொள்ளுங்கள்.

அதே 2024 மாற்றத்தில் இன்னொரு வழியும் வந்தது, வாரக் கணக்கு. வகுப்புகள் நடக்கும் காலத்தில் ஒரு வாரத்தில் 20 மணி நேரத்துக்குள் வேலை செய்தால், எத்தனை நாள் போனீர்கள் என்று பார்க்காமல் அந்த வாரத்துக்கு இரண்டரை நாள் என்று கழித்துக்கொள்ளலாம். வகுப்புகள் இல்லாத காலத்தில் எவ்வளவு நேரம் செய்தாலும் வாரத்துக்கு இரண்டரை நாள்தான். இரண்டு கணக்கில் எது உங்களுக்குச் சாதகமோ அதை வாரந்தோறும் எடுத்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறு மட்டும் எட்டு மணி நேரம் வீதம் போனால் நாள் கணக்கில் இரண்டு, வாரக் கணக்கில் இரண்டரை, ஆக நாள் கணக்கே லாபம். திங்கள் முதல் வியாழன் வரை ஐந்து ஐந்து மணி நேரம் போனால் நாள் கணக்கில் நான்கு, வாரக் கணக்கில் இரண்டரை. இங்கே வாரக் கணக்கு லாபம்.

இப்போது ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். 52 வாரத்தை இரண்டரையால் பெருக்கினால் 130. அதாவது வாரம் 20 மணி நேரம் வீதம் வருடம் முழுக்க வேலை செய்தாலும் 140ஐத் தொடமாட்டீர்கள்.

அப்படியானால் அந்த "20 மணி நேர விதி" என்று எல்லோரும் சொல்வது என்ன? அது வேறு வீட்டுப் பிள்ளை. அது சமூகக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் காப்பீட்டு நிறுவனம் உங்களை மாணவராகப் பார்க்கும். தாண்டினால் முழுநேரத் தொழிலாளி போல மருத்துவம், வேலையின்மை என எல்லாவற்றுக்கும் சம்பளத்தில் பிடிப்பார்கள். இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். மாலை, இரவு, வார இறுதி வேலைகளுக்கும் செமஸ்டர் விடுமுறைக்கும் இதில் தளர்வு உண்டு.

நாள் கணக்கில் சேராதவை இரண்டு. ஒன்று, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்யும் மாணவ உதவியாளர் வேலை. இங்கே எல்லோரும் ஹிவி என்பார்கள். மற்றொன்று, பாடத்திட்டத்திலேயே கட்டாயம் என்று எழுதியிருக்கும் இன்டர்ன்ஷிப். நீங்களாகத் தேடிப் போகும் இன்டர்ன்ஷிப் கணக்கில் சேரும். ஹிவி மணி நேரமும் காப்பீட்டுக்கான அந்த 20க்குள் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

சுயதொழிலுக்கு அவுஸ்லெண்டர்பெஹோர்டே எனும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். இரவில் அறையில் உட்கார்ந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்வதும் சுயதொழில்தான். "யாருக்குத் தெரியப்போகிறது" என்று தொடங்கியவர்கள், தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வங்கிக் கணக்கின் தாள்களைக் கொடுக்கும் நாளில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கையெல்லாம் உங்களுக்காக யாரும் வைத்துக்கொடுக்க மாட்டார்கள். முதலாளிக்கு அவரிடம் செய்த மணி நேரம் மட்டும்தான் தெரியும். தேதி, இடம், எத்தனை மணி நேரம், அரை நாளா முழு நாளா என்று முதல் நாளிலிருந்தே ஒரு எக்செல் தாளில் எழுதி வாருங்கள்.

படி 3: தாள்களைச் சேருங்கள்

முதல் தாள் முகவரிப் பதிவு, அன்மெல்டுங். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதம் தராத அறையை, எவ்வளவு மலிவானாலும், எடுக்காதீர்கள். அன்மெல்டுங் முடிந்து சில வாரங்களில் 11 இலக்க வரி எண், ஸ்டொயர் ஐடி, தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போட மாட்டார், கடிதம் திரும்பிப் போய்விடும். அற்பமாகத் தெரியும் விஷயம், ஆனால் எனக்கு ஒரு மாதத்தைத் தின்றது இதுதான்.

வரி எண் இல்லாமலும் வேலையில் சேரலாம். ஆனால் முதலாளி உங்களை ஆறாம் வரி வகுப்பில் போட்டு முதல் யூரோவிலிருந்தே வரி பிடிப்பார். எண் கொடுத்துவிட்டால் முதல் வகுப்பு. அத்துடன் பாஸ்போர்ட், வேலை அனுமதி பற்றிய வரி அச்சிட்ட விசா அல்லது தங்கும் அனுமதி அட்டையும் அதன் இணைப்புத் தாளும், அந்தந்த செமஸ்டருக்கான மாணவர் சேர்க்கைச் சான்று, காப்பீட்டுச் சான்று, சமூகக் காப்பீட்டு எண், வங்கியின் ஐபான் எண் ஆகியவை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவகம், பேக்கரி, கான்டீன் என்று சாப்பாட்டைத் தொடும் வேலைக்குப் போவதானால் சுகாதார அலுவலகத்தில் ஒரு சிறு வகுப்பில் உட்கார்ந்து சான்று வாங்க வேண்டும். கைகழுவுதல், வயிற்றுப்போக்கு இருந்தால் வேலைக்கு வராதே என்ற ரீதியில் இருக்கும். பல ஊர்களில் இணையவழியிலேயே முடித்துவிடலாம். இதை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பவரை, "நாளைக்கே வா" என்று கூப்பிடுவார்கள்.

படி 4: எந்த வகை ஒப்பந்தம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. 2027ல் 14.60 ஆகிறது. மாணவர் என்பதற்காக இதற்குக் கீழே தர முடியாது. விலக்கு சில இன்டர்ன்ஷிப்களுக்குத்தான்: கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கும், படிப்போடு சேர்ந்த மூன்று மாதத்துக்கு உட்பட்ட விருப்ப இன்டர்ன்ஷிப்புக்கும் இது பொருந்தாது.

மினிஜாப் என்பது மாதம் 603 யூரோ வரை. குறைந்தபட்ச ஊதியத்தில் மாதம் சுமார் 43 மணி நேரம், அதாவது வாரம் பத்து மணி நேரம். சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்துக்கு 3.6 சதவீதம் மட்டும் போகும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் போகாது. பெரும்பாலானோர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் கொடுக்கவில்லை. மாதம் இருபது யூரோ சொச்சத்துக்காக விட்டுவிட வேண்டாம் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் நிரந்தரத் தங்கும் அனுமதி கேட்கும்போது எத்தனை மாதம் ஓய்வூதியப் பங்களிப்பு செலுத்தினீர்கள் என்று பார்ப்பார்கள்.

வெர்க்ஸ்டூடன்ட் என்பது நிறுவனங்கள் மாணவர்களை வாரம் 20 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும் முறை. குறைந்தபட்ச ஊதியத்திலேயே கணக்குப் போட்டாலும் மாதம் சுமார் 1,200 யூரோ வரும். ஓய்வூதியத்துக்கு அதிகபட்சம் 9.3 சதவீதம் போகும். மருத்துவக் காப்பீட்டை வழக்கம்போல் நீங்களே மாணவர் கட்டணத்தில் செலுத்துவீர்கள். இந்த அளவில் வருமான வரி பெரும்பாலும் விழாது.

ஹிவி வேலையில் நேரம் குறைவாக இருக்கும், சம்பளமும் சுமார்தான். ஆனால் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியவரும். விடுமுறையில் மட்டும் மும்முரமாக வேலை செய்ய நினைப்பவர்களுக்குக் குறுகியகால ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. வருடத்தில் மூன்று மாதம் அல்லது 70 வேலை நாளுக்குள் இருந்தால் சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் கிடையாது.

படி 5: முதல் வேலை

முதல் வேலை உடம்பு உழைப்பாகத்தான் இருக்கும். ஊரில் பொறியியல் முடித்துவிட்டு இங்கே பெட்டி தூக்குவதா என்று கூச்சப்பட வேண்டாம். பக்கத்தில் நிற்கும் ஜெர்மன் மாணவனும் அதைத்தான் செய்கிறான்.

பார்சல் நிறுவனங்களின் பிரிப்பு மையங்கள், ஆன்லைன் கடைகளின் கிடங்குகள், சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி நிரப்பும் வேலை, உணவக அடுக்களை, ஸ்டூடியரென்டன்வெர்க் எனும் மாணவர் நல அமைப்பு நடத்தும் மாணவர் மெஸ், உணவு டெலிவரி, ஹானோவர், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர்களில் பொருட்காட்சி வேலைகள். தேடவேண்டிய இடங்கள் இவைதான். ஆள் எடுப்பது அதிகரிக்கும் காலம் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை. கிறிஸ்துமஸ் பார்சல்கள் மலைபோல் குவியும், சந்தைக் கடைகளுக்கும் ஆள் வேண்டும். குளிர்கால செமஸ்டருக்கு வருகிறவர்கள் இந்த அலையைப் பிடிக்கலாம். ஜனவரியில் அதே இடங்களில் "இப்போது ஆள் வேண்டாம்" என்ற பதில்தான் வரும்.

இணையதளங்களில் விண்ணப்பிப்பது சரி. ஆனால் சிறிய உணவகம், பேக்கரி, காய்கறிக்கடைகளுக்கு நேரில் போவதே பலன் தரும். ஒரு பக்க லேபன்ஸ்லாஃப், அதாவது பயோடேட்டா, ஜெர்மனில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத மதியம் மூன்று மணிக்குப் போங்கள். பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் காகிதம் கிழித்து எடுக்கும் பழக்கமும் இன்னும் ஒழியவில்லை.

டெலிவரி வேலையில் ஓர் எச்சரிக்கை. தன் கணக்கை வாடகைக்குக் கொடுப்பதாக யாராவது வருவார்கள், சில நேரம் தமிழிலேயே பேசிக்கொண்டு. அவர் பெயரில் நீங்கள் வண்டி ஓட்டினால் காப்பீடு கிடையாது, விபத்து நடந்தால் நீங்கள் யாரென்றே பதிவில் இல்லை. கையில் ரொக்கமாகக் கொடுத்து ஒப்பந்தமில்லாமல் வேலை வாங்கும் உணவகமும் இதே ரகம்தான். ஷ்வார்ட்ஸ்ஆர்பைட் என்று இங்கே பெயர், கறுப்பு வேலை. சுங்கத்துறைக்காரர்கள் உணவகங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் சோதனைக்கு வருவார்கள். முதலாளிக்கு அபராதத்தோடு போகலாம், உங்களுக்கு விசா சிக்கல்.

படி 6: ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் படியுங்கள்

ஒப்பந்தத்தில் மணி ஊதியம், வார மணி நேரம், சோதனைக் காலம், விடுப்பு, விலகும் அவகாசம் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா பாருங்கள். "தேவைப்படும்போது கூப்பிடுவோம்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு மாதம் பணம் வரும், மறு மாதம் வராது.

பகுதிநேரத் தொழிலாளிக்கும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. மினிஜாப்புக்கும்தான். சட்டப்படி வருடத்துக்கு நான்கு வாரம். வாரம் இரண்டு நாள் வேலை செய்கிறவருக்கு எட்டு நாள். கேட்டால்தான் கிடைக்கும், கேட்காதவர்கள் ஏராளம். வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆகியிருந்தால், உடம்பு சரியில்லாத நாளுக்கும் ஆறு வாரம் வரை சம்பளம் உண்டு. ஷிஃப்ட் தொடங்கும் முன்பே தகவல் சொல்ல வேண்டும், மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவரின் சான்று வேண்டும். சில முதலாளிகள் முதல் நாளிலேயே கேட்பார்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் அரை மணி இடைவேளை கட்டாயம், அதற்குச் சம்பளம் இல்லை. ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 11 மணி நேரம் ஓய்வு. டிப்ஸ் உங்களுக்கே சொந்தம், வரியும் கிடையாது, அதைக் குறைந்தபட்ச ஊதியத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

சம்பளச் சீட்டில் மேலே புருட்டோ, கீழே நெட்டோ. முதலாவது மொத்தம், இரண்டாவது கைக்கு வருவது. மணி நேரத்தை உங்கள் எக்செல் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் ஒரு ஆள் சப்ளை நிறுவனம் மூலம் கிடங்கு வேலை பார்த்தபோது, நான்கு மணி நேர ஷிஃப்டிலும் அரை மணி இடைவேளையைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். இடைவேளை விட்டதே இல்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். தேதிவாரியாக எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன், அடுத்த சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். கணக்கு எழுதி வைத்திருந்ததால் கிடைத்தது. என்னோடு சேர்ந்த மற்ற மூன்று பேர் எழுதி வைத்திருக்கவில்லை, அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அங்கே நான் கற்ற அழகான சொல் ஃபையர்ஆபெண்ட். வேலை முடிந்தது என்று பொருள். சூப்பர்வைசர் அதைச் சொன்ன பிறகு ஒரு பெட்டியைக்கூட யாரும் தொடமாட்டார்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்து முடிச்சிட்டுப் போறேன்" என்று நம் ஊர்ப் பாணியில் நின்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

படி 7: துறை சார்ந்த வேலைக்கு மாறுங்கள்

நான் முதலில் சொன்ன ஆறு மாதப் பட்ஜெட்டின் உண்மையான பயன் இங்கேதான். வாடகைக்குப் பயந்து கிடங்கிலேயே வாரம் 20 மணி நேரத்தை நிரப்பிக்கொண்டவருக்கு, விண்ணப்பம் எழுத நேரமும் இல்லை, அந்த இருபதுக்குள் இடமும் இல்லை. முதல் செமஸ்டரில் மினிஜாப் அளவோடு நிறுத்திக்கொண்டவர் இரண்டாம் செமஸ்டரில் வெர்க்ஸ்டூடன்ட் வேலை தேடக் கை வீசிக்கொண்டு கிளம்பலாம்.

எளிதான கதவு ஹிவி. முதல் செமஸ்டரில் ஏதாவது ஒரு பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குங்கள். அந்தத் துறைப் பேராசிரியருக்கு அல்ல, அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கு ஒரு சிறிய மின்னஞ்சல் எழுதுங்கள். வேலை தலைக்குமேல் இருப்பது அவர்களுக்குத்தான், ஆளும் அவர்களுக்குத்தான் வேண்டும். எந்தப் பாடம், என்ன மதிப்பெண், எந்த மென்பொருள் தெரியும், வாரம் எத்தனை மணி நேரம் முடியும் என்று நான்கு வரி போதும்.

நிறுவனங்களில் வெர்க்ஸ்டூடன்ட் இடத்துக்குப் போட்டி கடுமை. ஐம்பது, அறுபது விண்ணப்பம் போட்டு இரண்டு நேர்காணல் வருவது சாதாரணம். அதிலும் 2024, 2025ல் பெரிய வாகன நிறுவனங்களும் அவற்றின் உதிரிபாக நிறுவனங்களும் அடுத்தடுத்து ஆட்குறைப்பை அறிவித்தபின், மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் இறுகியிருக்கிறது. பெயர் பெற்ற நிறுவனங்களை மட்டுமே குறிவைக்காதீர்கள். சின்ன ஊரில் இருநூறு பேரோடு இயங்கும் இயந்திரத் தொழிற்சாலைகள் இந்த நாட்டில் ஏராளம். அங்கே ஜெர்மன் தெரிய வேண்டும், ஆனால் போட்டி குறைவு. வெர்க்ஸ்டூடன்ட்டாக நுழைந்த இடத்திலேயே ஆய்வேட்டையும் செய்தால், படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் அங்கேயே வேலைப் பேச்சு தொடங்கும். படிப்பு முடித்தபின் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும், அந்தக் காலத்தில் நாள் கணக்கு எதுவும் இல்லாமல் எந்த வேலையும் செய்யலாம்.

ஒரு விஷயம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பரீட்சையை மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றிலும் தவறினால் படிப்பே போய்விடும், அதோடு விசாவும். பிப்ரவரி, ஜூலை பரீட்சை மாதங்களில் ஷிஃப்டைக் குறைக்க ஒப்பந்தம் போடும்போதே பேசி வையுங்கள். இங்கே அப்படிக் கேட்பதைத் தவறாக நினைக்க மாட்டார்கள், பரீட்சையன்று காலையில் போன் செய்து "வர முடியாது" என்பதைத்தான் தவறாக நினைப்பார்கள்.

படி 8: பிடித்த வரியைத் திருப்பி வாங்குங்கள்

2026ல் ஆண்டுக்கு 12,348 யூரோ வரை வருமான வரி கிடையாது. தொழிலாளிக்கான 1,230 யூரோ கழிவு அதற்கு மேல். ஆனால் முதலாளி மாதச் சம்பளத்தை வைத்துத்தான் வரி பிடிப்பார். விடுமுறையில் மூன்று மாதம் முழுநேரம் வேலை செய்து மாதம் 2,400 யூரோ வாங்கினால் ஒவ்வொரு மாதமும் வரி போகும். வருடக் கணக்கில் உங்கள் வருமானம் 7,200தான். ஆக, பிடித்ததெல்லாம் திரும்ப வர வேண்டிய பணம். எல்ஸ்டர் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகக் கணக்கு தாக்கல் செய்யலாம். நீங்களாக முன்வந்து தாக்கல் செய்வதற்கு நான்கு ஆண்டு அவகாசம் உண்டு.

முதுகலை படிப்பவர்களுக்கு இன்னொரு சலுகை. இளங்கலை ஏற்கெனவே முடித்திருப்பதால், இந்தப் படிப்புக்கான மடிக்கணினி, புத்தகம், செமஸ்டர் பங்களிப்பு போன்ற செலவுகளை வேலைச் செலவாகக் காட்டலாம். வருமானத்தை மிஞ்சினால் நஷ்டமாகப் பதிந்து, வேலைக்குப் போகும் முதல் வருட வரியில் கழித்துக்கொள்ளலாம். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 9: தகராறு வந்தால்

சம்பளம் வராவிட்டால் முதலில் எழுத்தில் கேளுங்கள், தேதி குறிப்பிட்டு. வாய்ப்பேச்சு எதற்கும் சாட்சியாகாது. அடுத்து, மாணவர் பேரவையான ஆஸ்டாவில் பல ஊர்களில் இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. ஃபேர் இன்டிக்ரேஷன் என்ற ஆலோசனை மையங்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு வேலைச் சட்ட உதவியை இலவசமாகத் தருகின்றன. தொழிலாளர் நீதிமன்றத்தில் முதல் கட்ட வழக்குக்கு வக்கீல் கட்டாயமில்லை.

வாட்ஸ்ஆப்பில் "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்பினால் அது வேலைநீக்கம் ஆகாது. வேலைநீக்கம் காகிதத்தில், மைக் கையெழுத்தோடு வர வேண்டும். அப்படி வந்தபின் எதிர்த்து வழக்குப் போட மூன்று வாரம்தான் அவகாசம். கடித உறையில் தேதியைக் குறித்து வையுங்கள்.

படி 10: விலகும்போது

நீங்கள் விலகினாலும் அதே விதிதான், காகிதமும் கையெழுத்தும். சோதனைக் காலத்தில் பெரும்பாலும் இரண்டு வாரம் முன்னால் சொன்னால் போதும். எடுக்காத விடுப்பு பாக்கியிருந்தால் அதற்கான பணத்தைக் கேளுங்கள்.

கடைசியாக ஆர்பைட்ஸ்ட்ஸோய்க்னிஸ், வேலை நற்சான்று. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இதில் ஒரு ரகசிய மொழி உண்டு. "எங்கள் திருப்திக்கு வேலை செய்தார்" என்று எழுதியிருந்தால் நான்காம் தரம், சுமாரான ஆள் என்று அர்த்தம். "முழுத் திருப்திக்கு" என்றால் மூன்றாம் தரம். அதற்கு முன் "ஷ்டெட்ஸ்", அதாவது "எப்போதும்", என்ற சொல் சேர்ந்தால் இரண்டாம் தரம். முதல் தரத்துக்கு "முழு" என்பதை இன்னும் ஒரு படி மேலே ஏற்றி, இலக்கணப்படி இருக்கவே முடியாத ஒரு சொல்லைப் போடுவார்கள்.

உணவக அடுக்களையில் ஒரு வருடம் பாத்திரம் கழுவியதற்கு எனக்குக் கொடுத்த சான்றை, வீட்டுக்கெல்லாம் படம் எடுத்து அனுப்பிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். பல மாதம் கழித்து ஒரு ஜெர்மன் தோழி படித்துவிட்டு, "ஷ்டெட்ஸ் இல்லையே" என்றாள். அந்தச் சான்றும் இப்போது என் கோப்பில்தான் இருக்கிறது. அடுத்த வேலையிலிருந்து விலகியபோது, வரைவைத் தரும்படி முன்கூட்டியே கேட்டு வாங்கி, அந்த ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னேன். மேலாளர் சிரித்துக்கொண்டே சேர்த்துவிட்டார்.